பாலத்துக் கயிறு

விழாவுக்குத் தலைமை தாங்கும் பெரியவர் ஹாஜி நூர்ரே அவர்களே! முன்வரிசையில் முக்காட்டுக்குள் முகம் புதைத்திருக்கும் தாய்மார்களே! ஷபெல்லே ஆற்றங்கரையில் சாகாமல் மிச்சமிருக்கும் சொந்தங்களே! இந்தப் பிரசவ ஆஸ்பத்திரிக்குத் தன் பெயரையே சூட்டி, ரிப்பன் வெட்ட வந்திருக்கும் கர்னல் ஷிர்வா அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் ஸலாம்.

கர்னலைப் பாராட்டிப் பேசச் சொன்னார்கள். பாராட்டுகிறேன்.

எப்பேர்ப்பட்ட வளர்ச்சி! அரசு விழுந்த வருடம் அவரிடம் என்ன இருந்தது? ஒரு துப்பாக்கி, ஓர் ஒட்டகக் கயிறு. பாலத்தின் குறுக்கே கயிற்றைக் கட்டினார், காவலர் என்றோம். லாரியில் பீரங்கியை ஏற்றினார், கர்னல் என்றோம். நைரோபி ஓட்டலில் சமாதானம் பேசினார், தலைவர் என்றோம். அவர் ஏறினார், ஏறினார், ஏறிக்கொண்டே போனார். ஏறுவதற்கு முதுகு கொடுத்தது யார்? "நம்ம குலத்துப் பையன்" என்று நாம்தானே குனிந்தோம்?

அந்தக் கயிற்றின் முன்னால் ஒரு நாள் நானும் நின்றேன். கழுதை வண்டியில் என் மனைவி அம்பரோ, பிரசவ வலியில். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி.

"உன் பாட்டன்மார் பேரச் சொல்லு, தங்கச்சி" என்றார் கர்னல்.

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். மூன்றாவது பெயரிலேயே வேறு குலம் என்று தெரிந்து அவர் முகம் மாறிவிட்டது. வாழ வந்த பெண்ணுக்குத் தகப்பன் குலம்; பிறக்கும் பிள்ளைக்குத்தான் என் குலம். நம் வழக்கம் அதுதானே?

"ஷிர்வா, அவ என் பொண்டாட்டிடா! பிள்ளை நம்ம பிள்ளைடா!"

"நான் இல்லேன்னா சொன்னேன், வாத்தியாரே? வயித்துக்குள்ள இருக்கறவன் நம்ம ஆளு. அவன் தாராளமா போகட்டும். சுமக்கறவதான் போகக் கூடாது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தாய்மார்களே, உங்கள் பிள்ளைகள்தான் சிரித்தார்கள். இருவரையும் பாலத்தடியில் புதைத்தேன்.

என்ன அங்கே சத்தம்? "பழச எதுக்குக் கிளர்றீங்க, எறங்குங்க"வா? இறங்குகிறேன், தம்பி. நான் கத்தினால் பலகையில் பெயர் மாறுமா? மாறாது. நீங்கள் கைதட்டாமல் இருப்பீர்களா? இருக்க மாட்டீர்கள்.

கர்னல் அவர்களே! இதோ வாசலின் குறுக்கே மறுபடியும் ஒரு கயிறு. சிவப்பாக, பளபளப்பாக. கயிற்றுக்கு முன்னால் பெயர் சொல்ல வேண்டும் என்பது நீங்கள் வைத்த சட்டம். சொல்கிறேன்: அம்பரோ. ரோப்லேயின் மகள். கெத்தியின் பேத்தி. வாய்ஸின் கொள்ளுப்பேத்தி.

இப்போதாவது அவளை உள்ளே விடுவீர்களா?

சரி. கத்தரிக்கோலை எடுங்கள்.

பொறுத்துக் கேட்ட செவிகளுக்கு நன்றி. உங்கள் எல்லோர் மீதும் அமைதி உண்டாகட்டும். அதைச் சொல்கிற பழக்கம் மட்டும்தான் நம்மிடம் மிஞ்சியிருக்கிறது.