காற்று மேல் பழி போட்டவர்

திரேஸ்புரத்திலிருந்து வரும் மினிபஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு விசைப்படகு டிரைவரும் அவர் மச்சானும் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவருக்கு என் வயதுதான், ஐம்பத்தைந்து இருக்கும்.

“நீரு ஒண்ணுக்குப் போக படகு ஓரத்துல நின்னா, முடிக்கதுக்குள்ள நாங்க பாதி வலைய இழுத்திருதோம் வே,” என்றார் மச்சான்.

“காத்து எதுத்து அடிச்சா எவனுக்கும் நின்னு நின்னுதான் வரும்.”

“வீட்டுக்குள்ளயுமா காத்தடிக்கி? ராத்திரி நாலு தடவ எந்திரிக்கீருன்னு அக்கா சொல்லுதா.”

“தண்ணி நெறைய குடிக்கேன்.”

“நேத்து ஒண்ணுக்குல ரத்தம் வந்துச்சே?”

“பீட்ரூட்டு தின்னேன்.”

“நம்ம படகுல எவன் பீட்ரூட்டு பொரிச்சான்?”

டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “கேன்சருன்னு சொல்லிட்டான்னா என்னல செய்ய?”

“வயசானா ஆம்பளைக்கு மூத்திரப்பைக்குக் கீழ ஒரு சுரப்பி வீங்கும், அனேகமா அதுவாத்தான் இருக்கும். ஆனா ரத்தம் வந்த பொறவு வீட்டுல உக்காரக் கூடாது. இன்னைக்கு யூராலஜி டாக்டரு பாத்துச் சொல்லட்டும்.”

இரவில் நான் எத்தனை தடவை எழுகிறேன் என்று விரல்விட்டு எண்ணினேன். எனக்கும் நாலு. தண்ணீர் நிறையக் குடிப்பதாகத்தான் நானும் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்கு டிக்கெட் எடுத்திருந்த நான், ஆஸ்பத்திரி ஸ்டாப்பிலேயே அவர்கள் பின்னால் இறங்கினேன். டாக்டர் அறை வாசலில் நர்ஸ், “பேஷண்ட் யாரு?” என்று கேட்டார். டிரைவர் சட்டென்று மச்சானைக் கைகாட்டினார். மச்சான் அவர் தோளைப் பிடித்து உள்ளே அனுப்பினார்.

அடுத்து நர்ஸ் என்னைப் பார்த்தார். கைகாட்ட யாராவது அகப்படுவார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.