எதுவும் தொலையாத நூற்றொன்பது நாட்கள்

உட்கார்ந்தால் எனக்குக் கால் ஆடும். பயம் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளாதீர்கள், ஐயா. கல்லூரியைப் பாதியில் விட்ட நாளிலிருந்தே இப்படித்தான்.

மருத்துவமனையில் கணினி சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. இதய நோயாளிகள் வார்டில் ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் நாடித்துடிப்பு சின்னச் சின்னத் தகவல் பாக்கெட்டுகளாக என் சர்வருக்கு வரும். அங்கிருந்து நர்ஸ் மேசைத் திரைக்குப் போகும். காலையில் ஸ்கேன் படங்களும் அதே வழியில் வந்து குவியும்போது பஃபரில், அதாவது பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடத்தில், நெரிசலாகிவிடும். இடம் கிடைக்காதவை தொலையும். தொலைந்தால் திரை அலறும்.

"தம்பி, உன் பெட்டி என் மாமியாரைவிட மோசமாக் கத்துது. ஒண்ணு அதை அடக்கு, இல்ல என்னை வேற வார்டுக்கு மாத்தச் சொல்லு," என்றார் தலைமை நர்ஸ் அக்கா.

பஃபரை அறுபத்துநான்கு மடங்கு பெரிதாக்கினேன். அன்றிலிருந்து இழப்பு பூஜ்யம்.

"படிப்பைப் பாதியில விட்டவன்னு சொன்னாங்க. முழுசாப் படிச்ச நாலு பேர் முழிச்சிட்டு நின்னதை நீ முடிச்சிட்டியேப்பா," என்றார் மேலாளர். அதுவரை என்னை யாரும் எதற்கும் பாராட்டியதில்லை.

தொலையாதது காத்திருக்கும். அது எனக்கு முதல் நாளே தெரியும். காலியாகக் கிடந்த ஒரு கட்டிலில் உட்கார்ந்து, விரலில் கிளிப்பை மாட்டிக் கழற்றிப் பார்த்தேன். கட்டில் பக்கத்துத் திரையில் என் துடிப்பு உடனே நின்றது. மேசைத் திரையில் ஐம்பது விநாடி கழித்து நின்றது. அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் பஃபரைப் பழையபடி குறைக்கச் சொல்வார், தொலைந்தவற்றின் எண்ணிக்கை மறுபடி ஏறும்.

ஏழாம் கட்டில்காரர் நல்ல மனிதர். "தம்பி, அந்தக் காலைக் கொஞ்சம் கட்டிப் போடுங்க. கட்டிலே ஆடுது," என்று சிரிப்பார்.

நூற்றொன்பதாம் நாள் காலை பத்தரை மணிக்கு மேசையருகே கேபிள் மாற்றிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் அவருடைய கட்டில் திரையில் கோடு நேராகிவிட்டது. நோயாளிகள் தூங்க வேண்டுமென்று அங்கே ஒலியை அணைத்துத்தான் வைத்திருப்பார்கள். அக்கா மேசைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஏழாம் கட்டிலுக்கு இன்னும் துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

வாயைத் திறந்திருக்கலாம். ஏன் இரண்டு திரையும் ஒத்துப்போகவில்லை என்று கேட்பார்கள். அதோடு, நெரிசல் நேரத்தில் தாமதம் எவ்வளவு என்று எனக்கும் சரியாகத் தெரிய வேண்டியிருந்தது. எண்ணினேன். எழுபத்தொன்றில் மேசைத் திரை அலறியது.

அக்கா ஓடினார். "ஒரு நிமிஷம் முன்னாடி கூப்பிட்டிருக்கலாமேம்மா," என்றார் டாக்டர். "ஸ்கிரீன்ல நல்லாத்தானே இருந்துச்சு," என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். எனக்குப் பதவி உயர்வு கொடுத்து வேறு கட்டடத்துக்கு அனுப்பினார்கள்.

அக்காவுக்காக வந்திருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் இடத்துக்கு வந்தவன் பஃபரைச் சுருக்கிவிட்டான். நேற்று மட்டும் பதினொரு பாக்கெட் தொலைந்திருக்கிறது. எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. யாராவது அவனிடம் சொல்ல வேண்டும். என் காலத்தில் ஏழாம் கட்டில்காரரின் கடைசித் துடிப்புகூடத் தொலையவில்லை, ஐயா. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.