சென்னையில் உறைந்த தேங்காயெண்ணெய்

"ஹலோ... ஆமா, நான்தான்... இருங்க இருங்க, மிளகா நெடி... ஹச்!... ம், சொல்லுங்க. என்னது, இடுப்பா? திரும்பவுமா?"

மகேஸ்வரி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். சிக்கல் கிராமத்தில் அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் குண்டு மிளகாய் குவிந்து கிடந்தது. சொத்தை பொறுக்க அவளும் நாத்தனார் நாகஜோதியும்தான். புருசன் வீரபத்திரன், டிராக்டர் கம்பெனி பயிற்சி என்று போன வாரம் சென்னைக்குப் போயிருந்தான்.

"உக்காந்து உக்காந்தா?... சரி சரி... நிமிரவே முடியலையா? அய்யோ பாவம். கல்லுப்ப வறுத்து, துணியில கட்டி ஒத்தடம் குடுங்க... கிடைக்கலையா? சென்னையிலயா?... சரி, நாலு எருக்கெலையப் பறிச்சு வாட்டி... அதுவும் இல்லையா? ரோட்டோரமெல்லாம் அதானே கெடக்கும்?... நொச்சி?... புல்லுகூட இல்லையா, ஒரே பாறையா?... ஓ, ஹாஸ்டலச் சுத்தி மட்டும் பாறை. சரி."

மிளகாய் பொறுக்கிய கை நின்றது.

"தேங்காண்ணெயாச்சும் இருக்கா?... தங்கப்பாண்டி அண்ணன் வச்சிருக்காரா? அவரு எங்க அங்கன வந்தாரு? அவருக்கு டீக்கடையில்ல?... ஆமா ஆமா, டீக்கடைக்காரரும் டிராக்டர் கத்துக்கலாம், தப்பில்ல... என்னது? எண்ணெ உறைஞ்சு கல்லாப் போச்சா?"

கத்திரி வெயிலில் மாடித் தரை அடுப்புக்கல்லாய்த் தகித்தது. நாகஜோதி நகர்ந்து வந்து போனில் காதை ஒட்டிக்கொண்டாள். மகேஸ்வரி அவளைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. நேரா மெரினாவுக்குப் போங்க. சட்டையக் கழட்டிட்டு, சுடுமணல்ல இடுப்பப் புதைச்சு மல்லாக்கப் படுங்க... ஆமா, இப்பவே. நான் வீடியோ கால்ல வாரேன்... பேட்டரி இல்லையா? நெட்டும் இல்லையா? ரெண்டும் சேந்தே போச்சா?... பல்லு ஏன் தந்தியடிக்குது?... ஏசியா. ஓகோ. பின்னால யாருங்க அது, 'லே, லே'ன்னு கத்துறது? நம்மூரு ஆளா?... இல்லையே, இந்தியில்ல பேசுறாரு... ஏங்க. ராத்திரியெல்லாம் போன்ல பைக் வீடியோ பாப்பீங்களே, அந்த லேயா? லடாக்கா?... ஆமாவா? அடப் பாவி மனுசா!"

நாகஜோதி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த மகேஸ்வரிக்கும் சிரிப்பு வெடித்துக் கண்ணில் நீர் வந்தது. துடைக்கப்போய் மிளகாய்க் கை கண்ணில் பட்டது.

"ஆ!... ஒண்ணுமில்ல, நீங்க சொல்லுங்க. பைக்லயேவா?... டெல்லி வரைக்கும் ரயிலு, அங்கருந்து பைக்கு... ம்... ம்... என்ன சொன்னீங்க? மூச்சு வாங்குதா?"

சிரிப்பு அப்படியே அறுந்தது.

"தலைவலி இருக்கா? காலு மரத்துப் போகுதா?... மறைக்காமச் சொல்லுங்க. போன அண்ணன்கிட்ட குடுங்க... குடுங்கங்குறேன்ல!... அண்ணே, முதல்ல ஆஸ்பத்திரிக்கு... போயிட்டு வந்துட்டீங்களா? காலையிலயே?... ஆக்ஸிஜன் பாத்தாங்களா?... ஆமா... ஆமா... சதைப்பிடிப்பு மட்டுந்தானா? நெசமா?... மூச்சு வாங்கினா உடனே கீழ எறக்கிரணும். சரிண்ணே. அவருகிட்ட குடுங்க."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"கேளுங்க. எருக்கும் வேண்டாம், நொச்சியும் வேண்டாம். பாட்டில்ல வெந்நி ஊத்தி, துண்டச் சுத்தி இடுப்புல வைங்க. ஒருக்களிச்சுப் படுங்க. மத்தியில மெதுவா எந்திரிச்சு நடங்க. தண்ணி நெறயக் குடிங்க. பைக்கத் தொடக்கூடாது, எறங்கும்போது காருதான்... போன வருசம் டாக்டர் அம்புட்டு தூரம் சொன்னாரா இல்லையா?... ம்... ஆமா, கேட்டிருந்தா விட்டிருக்க மாட்டேன்தான்... அதுக்காக? இங்கன ஒருத்தி மிளகாயோட மல்லுக்கட்டிட்டு, புருசன் சென்னை வெயில்ல வாடுறாரேன்னு..."

மேற்கொண்டு திட்ட வார்த்தைகள் தயாராகத்தான் இருந்தன. ஆனால் அந்தப் பக்கம் வீரபத்திரன் தணிந்த குரலில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். பாம்பன் பாலத்தைவிட உயரமான எதிலும் மகேஸ்வரி ஏறியதில்லை. அவள் அசையாமல் கேட்டாள்.

"...பனியத் தொட்டீங்களா? கையில நிக்குமா?... உப்பளத்துல குவிச்சு வச்ச மாதிரியா? அம்புட்டுமா?... ம்... ஆறு பச்சையாவா ஓடுது?... என்னைய நெனச்சீங்களாக்கும். இடுப்பு பிடிச்ச பிறகா, அதுக்கு முன்னாலயா?"

நாகஜோதி முழங்கையால் இடித்தாள்.

"சரி, உங்க மேல கோவமில்ல. ஆனா அடுத்த வருசம் நானும் வாரேன். கார்ல. உங்க தங்கச்சியும் வாரா... என்ன யோசன? சொல்லுங்க... கேக்கல... சத்தமா, தங்கப்பாண்டி அண்ணனுக்குக் கேக்குற மாதிரி... ஆங், கேட்டுச்சு. அண்ணே, நீங்கதான் சாட்சி!... ஆனாவா? என்ன ஆனா?... ஹலோ?... ஹலோ? ஒண்ணும் கேக்கலையே... இங்கன டவரே இல்லங்க... ஹலோ?"

வீரபத்திரனின் குரல் கணீரென்று வந்துகொண்டிருந்தது. மகேஸ்வரி போனை அணைத்து இடுப்பில் செருகினாள்.

"ஏட்டி நாகு, உங்கிட்ட ஸ்வெட்டர் இருக்கா?"