சலிக்காத மண்

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் ஒருத்தி மடியில் சல்லடையை வைத்திருந்தாள்.

“இது இனி லேபுக்குள்ள போகாது மதினி,” என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம்.

மதினியின் விரல்களில் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி ஒட்டியிருந்தது. “அது என்னத்தா செஞ்சுச்சு?”

“மலையில வெட்டுன கல்லு மண்ணைக் குவிச்சு, ஆசிட் தண்ணி ஊத்துனா, மோட்டார் காந்தத்துக்கு வேண்டிய உலோகம் கரைஞ்சு கீழ வடியும். எம்புட்டு வடியுதுன்னு முதல்ல லேபுல கொஞ்சம் மண்ணை ஒரு குழாய்ல போட்டுப் பாப்போம். நான் பட்டாசுல இருந்த பழக்கத்துல, மண்ணைச் சலிச்சு களிமண் பொடியை வெளிய கொட்டிட்டேன். தண்ணி மடமடன்னு இறங்கிருச்சு. லேப் சாருக்கு ஒரே சந்தோசம்.”

“நல்லதுதான?”

“மலையில நெசக் குவியல்ல களிமண்ணும் இருக்குமே மதினி! தண்ணி இறங்காம அடைச்சுக்கிடும். சலிச்சது என் தப்புன்னு சொன்னேன். ‘ரிசல்ட் நல்லாருக்கு, வாயை மூடு’ங்காரு. ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடமாட்டேன், சலிக்காத மண்ணைப் போட்டு மறுபடி பாருங்கன்னுட்டேன்.”

“வேலையை விட்டு நிப்பாட்டிட்டா?”

“நிப்பாட்டட்டும். உங்ககூட பட்டாசுக்கு வாரேன். சல்லடைதான் கையில இருக்கே!”