பேரம் பேசாதவன்

என் மோட்டார் சைக்கிளின் விலை ஒன்பது லட்சம். புத்தியுள்ள எவனும் அதற்கு ஒரு லட்சம்கூடத் தரமாட்டான், சார். விற்க மனமில்லாத பொருளுக்கு அப்படி ஒரு விலை சொல்லி ஆளை அனுப்பிவைப்பது எங்கள் கோட்டாறு கடைகளில் ஒரு மரியாதை.

குளச்சல்காரன் ஸ்மைலின், பல வருஷம் துபாயில் கிடந்தவன். இந்த மரியாதை தெரியாது. "சரி காக்கா, முடிச்சாச்சு" என்று அண்ணன் முறை சொல்லிக் கையை நீட்டினான். கடை நிறைய ஆள். சொன்ன விலையை மறுத்தால் மறுநாள் எங்கள் ஜவுளிக்கடையில் ஒரு முழம் துணி போகாது. கையைக் கொடுத்தேன்.

"லாட்டரி அடிச்ச மொகமா இது?" என்றாள் என் மனைவி ஹலீமா.

அது பாறையேறும் போட்டிக்கென்றே செய்த பழைய வண்டி. நின்றுகொண்டே, நடக்கிற வேகத்தில் ஓட்டவேண்டும். சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டவன் நான். எஞ்சின் பெரிதானால் பெட்ரோலும் கூடுதலாக வேண்டும். போதாவிட்டால் சூடேறி, ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் முன்னால் பாயும். கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுவது ஜெட் என்கிற துளையுள்ள சின்னத் திருகு; தோதான பெரிய துளை ஜெட்டைக் கண்டுபிடிக்க எனக்கு வருடங்கள் ஆயின. அதன்பின் அந்த வண்டி என் மூச்சறிந்து ஓடியது.

சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. வண்டியைத் திரும்ப வாங்கலாம். ஆனால் ஸ்மைலின் விற்கிற ஆள் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

கொடுக்குமுன் பழைய சின்ன ஜெட்டை மாட்டினேன். பெரியது என் சட்டைப்பையில் இருந்தது; கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். விலை குறைக்க நினைக்கிறவன் குறை தேடுவான், குனிந்து பார்ப்பான், முடுக்கிப் பார்ப்பான். இவன் ஸ்டார்ட் செய்துகூடப் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கெழம மயிலாடி குவாரியில ஏத்துகேன். பாக்க வாறியளா?"

"நல்ல ஒயரமான பாறையாப் பாத்து ஏத்து மக்கா."

கூப்பிட்டான், போனேன். உச்சியில் அவன் ஆக்சிலேட்டரை விட்டான். வண்டி விடவில்லை. அது விளிம்பில் சாய்ந்து கிடந்தது; அவனைப் பள்ளத்தில் தேடவேண்டியிருந்தது.

அடக்கம் முடிந்து அவன் மனைவி ஜின்சி வந்தாள். "இந்தச் சவம் புடிச்ச வண்டிய இனி என் கண்ணுல காட்டப்படாது காக்கா. என்னமாவது தந்துட்டு எடுத்துக்கிடுங்க."

பாதி கொடுத்திருந்தாலும் வாங்கியிருப்பாள். முழுதும் கொடுத்தேன். டேங்க் நசுங்கியதற்கோ ஹாண்டில் வளைந்ததற்கோ ஒரு பைசா பிடிக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு நான் பாக்கி வைத்தது ஒன்றுமில்லை, சார்.