ஏழு ஆண் ஈக்கள்

இல்ல சார், அந்தப் பாட்டில்ல யாரும் கை வைக்கல. இதோட மூணு தடவை கேட்டுட்டீங்க. விசாரிக்க வந்தீங்களா, ஆள் பிடிக்க வந்தீங்களா? சரி சரி, உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க.

பதினோரு வருஷமா இந்த லேப்ல ஈ வளக்கிறேன். பழத்துல மொய்க்குமே, அந்தப் பொடி ஈ. இந்த அலமாரில ஒரு இனம், எதிர் அலமாரில வேற இனம். பாத்தா ஒரே அச்சு. ஒரு காலத்துல ஒரே குடும்பமாம், லேப்ப நடத்துற மேடம் சொல்வாங்க. பிரிஞ்சு போன பிறகு இதுல ஒரு ஜீன் மாறுச்சாம், அதுல இன்னொண்ணு மாறுச்சாம். அதுஅது வீட்டுல ரெண்டும் தங்கம். ஒரே பிள்ளை உடம்புல வந்து சேந்தாத்தான் வினை. ஆண்பிள்ளை புழுவாவே செத்துரும், பொண்ணு மட்டும் பிழைக்கும், அதுவும் மலடு. அப்படித்தான் ஒரு இனம் ரெண்டா ஆகுதாம். நம்பலையா? ரெண்டு நல்ல மனுசங்களைக் கட்டிவச்சா என்ன ஆகும்னு எங்க அக்கா வீட்டுல வந்து பாருங்க.

போன மாசம், ரெண்டு இனத்தையும் சேத்துவிட்ட கலப்புப் பாட்டில்ல ஏழு ஆண் ஈ, உசுரோட. ஆராய்ச்சி பண்ற பொண்ணு துள்ளிக் குதிச்சா. அந்த ரெண்டு ஜீனோட சண்டைய நிறுத்துற ஜீன் கிடைச்சிருச்சுன்னு மேடம் சந்தோஷத்துல அழுதே புட்டாங்க.

ஏன் சிரிக்கிறீங்க? உங்க சிரிப்பே சரியில்ல. பக்கத்து லேப்ல இருந்து யாராச்சும் அனுப்பினாங்களா? என்னது, திரும்பச் செஞ்சப்ப ஒண்ணுகூடப் பிழைக்கலையா? அதுக்காக அந்தப் பொண்ணு பொய் சொல்லிட்டான்னு எழுதிருவீங்களா? அவளை வெளிய அனுப்பிருவாங்களே சார். நாலு வருஷப் படிப்பு.

கொஞ்சம் பேனாவை மூடுங்க. பெண் ஈயப் பொறந்து எட்டு மணி நேரத்துக்குள்ள பிரிச்சு எடுத்துரணும். விட்டா சொந்த இனத்து ஆணோட சேந்துரும். அப்புறம் எதிர் அலமாரி ஆணோட விட்டாலும், பழைய ஆளோட பிள்ளையும் சேந்து பொறக்கும். காலையில எட்டு மணிக்குப் பாட்டில்ல இருக்கிற பழைய ஈயெல்லாம் காலி பண்ணினா, அப்புறம் பொறக்கிற பெண் ஈய நாலு மணிக்குள்ள எடுக்கணும். அந்தக் கலப்புக்குப் பெண் ஈ எடுக்க வேண்டிய அன்னிக்கு என் மக ஸ்கூல்ல மயங்கி விழுந்துட்டான்னு போன் வந்துச்சு, போட்டது போட்டபடி ஓடிட்டேன். மறுநாள் காலையிலதான் எடுத்தேன். அந்த ஏழும் கலப்பே இல்ல சார், இந்த அலமாரிப் பிள்ளைங்க. மேடம் அழுதப்ப நான் பாட்டில் கழுவப் போயிட்டேன்.

நோட்டுல நாலு மணின்னு இருக்கே, அது என் கையெழுத்துதான்.