பச்சை மூடிப் பெட்டி

சாயாவுக்கு நன்றி, ராதிகா மேடம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, போலீஸ் கேன்டீனில் எல்லோருக்கும் அப்படித்தான் போடுவார்கள் போல.

நான் சொல்வதை அப்படியே அரபியில் இந்த ஆபீஸருக்குச் சொன்னால் போதும். நிறுத்தி நிறுத்தியே பேசுகிறேன்.

பெயர் கிறிஸ்துதாஸ். வயது ஐம்பத்தெட்டு. ஊர் கன்னியாகுமரி மாவட்டம், தூத்தூர். முதலில் ஷார்ஜா தொழில்பேட்டையில் லேத் வேலை. அதற்குப் பிறகு பத்தொன்பது வருடமாகப் புஜைரா மலையடிவாரத்தில், அர்பாபின் தோட்டத்தில். முதலாளியை அங்கே அர்பாப் என்றுதான் சொல்வோம்.

அர்பாபிடம் தாத்தா காலத்து மார்ட்டினி துப்பாக்கிகள் ஏழு இருக்கின்றன. பழைய பட்டாளத்துச் சரக்கு. ஒரு தோட்டா போட்டு ஒரு முறைதான் சுடலாம். அவருடைய குடும்பத்தில் கல்யாணம் என்றால் அந்தத் துப்பாக்கிகள் வெளியே வரும். குறி பார்த்துச் சுடும் போட்டி நடக்கும். துப்பாக்கி இருக்கிறதே தவிர, அதற்குத் தோட்டா கடையில் கிடைக்காது. கையால்தான் செய்ய வேண்டும். லைசென்ஸ் அர்பாப் பெயரில். வேலை என் கையில்.

சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் புளித்தண்ணீரில் ஊறவைத்துத் துலக்குவேன். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிற வழிதான். கூட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அடியில் பொறி தரும் புது கேப், உள்ளே அளந்த வெடிமருந்து, மேலே ஈயக்குண்டு. மேசைமேல் இரண்டு டின் இருக்கும். ஒன்றில் கருமருந்து, மார்ட்டினிக்கு. இன்னொன்றில் புதுவகை மருந்து, அர்பாபின் புதிய துப்பாக்கிகளுக்கு. புதியது பழையதற்குள் போகவே கூடாது. அந்த வேகத்தைப் பழைய இரும்பு தாங்காது. குண்டை வைத்து மூடிய பிறகு, உள்ளே எது இருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

அதனால் அர்பாபின் அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். மரப்பெட்டியில் இருபது குழி. முதல் குழியில் இருக்கும் தோட்டாவை, பெட்டி யாருடையதோ அவனே சுட்டுக் காட்ட வேண்டும். தன் முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கப்போவதை எவனும் அலட்சியமாகச் செய்ய மாட்டான். நல்ல சட்டம். எனக்குப் பிடித்த சட்டம்.

மூன்று வருடத்துக்கு முன் ஜெயசீலன் வந்தான். அறந்தாங்கிக்காரன், நாற்பது வயதுக்காரன். ஏற்கெனவே இந்த வேலை நன்றாகத் தெரிந்தவன். அவனுக்குச் சிவப்பு மூடிப் பெட்டி. எனக்குப் பச்சை. சண்டை போடுகிற ஆள் இல்லை. குரல் கூட உயராது.

போன ரம்ஜானுக்கு முன்னால் ஒருநாள், என் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துக் கொண்டு வந்தான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்கக் கூடாது. கூட்டுல விரிசல் ஓடியிருக்கு, பாருங்க."

பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஓ, ஆமா" என்றேன்.

"அர்பாப்ட்ட மூச்சு விடல. இது மூணாவதுண்ணே. இனிமே ஒங்க பெட்டியையும் சாயங்காலம் நானே ஒரு தடவ பாத்துர்றேன். கண்ணுல பொறைதான்ணே. அரை மணி நேர ஆபரேஷன். நானே வண்டில கூட்டிட்டுப் போறேன்."

"எனக்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.

"சரிண்ணே" என்றான்.

அந்த 'சரிண்ணே'தான் என்னைக் குத்தியது. அவனிடம் இருந்தது அன்புதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் என் இருபது தோட்டாக்களையும் விளக்கடியில் உருட்டிப் பார்த்தான். நான் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது? பணத்துக்காக அந்த மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்க வேண்டாம். மகள் அஜிஷா ஃபஹாஹீல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வந்துவிடுங்கள் அப்பா என்று வாரம் ஒருமுறை அழைப்பாள். ஆனால் 'கிறிஸ்டோவின் தோட்டா தப்பாது' என்று அந்த மலையில் நாலு பேர் சொல்வார்கள். அதை விட்டுவிட்டு எங்கே போவது?

ஃபாரூக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையநல்லூர்க்காரன், அர்பாபின் டிரைவர். பத்தொன்பது வருடமும் என் ரூம்மேட். கிறிஸ்துமஸுக்கு வாசலில் ஸ்டார் கட்டுவது வருடா வருடம் அவன்தான். முதல் தோட்டாவைச் சுட நின்றால் எனக்குக் குறிப்பலகை தெரியவில்லை என்பதை அவன்தான் முதலில் கண்டுபிடித்தான். தோள்வலி என்று எல்லோரிடமும் சொல்லச் சொன்னான். ஆறு மாதமாக என் முதல் தோட்டாவை எனக்காக அவனே சுட்டுக்கொண்டிருந்தான். ஜெயசீலன் தோள்வலியை நம்பினான். அல்லது நம்பியதாகக் காட்டினான்.

அர்பாபின் மகன் கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு தோட்டா செய்தேன். கருமருந்து டின்னைத் தொடவில்லை. இன்னொன்றைத் திறந்தேன். ஜெயசீலனின் பெட்டியில் முதல் குழிக்கான தோட்டா அது. ஊருக்கே தெரிந்துவிடும், ஜெயசீலன் டின் மாற்றி எடுத்துவிட்டான் என்று. பிறர் தோட்டாவில் விரிசல் தேடுகிறவன் தன் மருந்தைப் பார்க்கவில்லை என்று. கை போகலாம், கண் போகலாம். கண் போனால் ஆஸ்பத்திரிக்கு நானே அழைத்துப் போவேன் என்றுகூட நினைத்து வைத்திருந்தேன்.

மறுநாள் விடியற்காலை கொட்டகைக்குப் போனேன். விளக்குப் போட்டால் யாராவது பார்ப்பார்கள். இரண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முதல் குழியில் இருந்ததை எடுத்துவிட்டு என்னுடையதை வைத்தேன். மூடி சிவப்புதான். அந்த நேரத்தில் சிவப்பு கொஞ்சம் கறுப்பாகத் தெரியும். எல்லாமே கொஞ்சம் கறுப்பாகத்தான் தெரியும்.

எட்டு மணிக்கு மூவரும் மணல்மூட்டை அடுக்கிய இடத்துக்குப் போனோம். நான் தள்ளி ஒரு கல்லில் சாயா டம்ளருடன் உட்கார்ந்தேன். ஜெயசீலன் முதலில் நின்றான். சுட்டான்.

வெள்ளைப் புகை எழுந்தது. கருமருந்துக்கு உண்டான புகை. அது விலகியபோது அவன் நின்றபடியே இருந்தான். சிரித்தான் என்பது ஃபாரூக் சொன்னதில்தான் தெரிந்தது.

"ஏய் ஜெயசீலா, மாப்பிள்ள அர்பாப் மவனா இல்ல நீயா? பல்ல இந்தக் காட்டு காட்டுத!"

அப்படியே ஃபாரூக் என் பெட்டியை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"தாசு, கல்யாண பிரியாணில பெரிய கறித்துண்டு எனக்கு. இல்லன்னா இனிமே ஒனக்குப் பதிலா நிக்க மாட்டேன், பாத்துக்க."

இதைச் சொல்லி முடித்து, மூடியைத் திறந்து, முதல் குழியிலிருந்து எடுத்து, துப்பாக்கிக்குள் தள்ளி, பிடியை இழுத்து மூடினான். தடுக்கப் போதுமான நேரம் இருந்தது, மேடம். 'நில்லுலே' என்றால் போதும். ஆனால் ஏன் என்று கேட்பார்கள். பெட்டி மாறிவிட்டது என்று சொல்ல வேண்டும். எப்படி மாறியது என்று கேட்பார்கள். பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லையா என்று ஜெயசீலன் கேட்பான். கேட்கக்கூட மாட்டான். 'சரிண்ணே' என்பான்.

நான் சாயாவைக் குடித்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வண்டியின் பின்சீட்டில், என் மடியில்தான் இறந்தான். ஒரு தடவை பேசினான். "நல்லவேள, நீ நிக்கல தாசு" என்றான்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஜெயசீலன் இங்கே வந்து அழுதிருக்கிறான். அண்ணனுக்குக் கண் தெரியாது, டின் மாறிவிட்டது, என்னால் உள்ளே இருக்கும் மருந்தைப் பார்க்க முடியவில்லை, என்மேலும் தப்பு, அவரை விட்டுவிடுங்கள் என்று. அர்பாப் 'கலாஸ், விஷயம் முடிந்தது, கிழவனை ஊருக்கு அனுப்பு' என்று சொல்லிவிட்டார். ஃபாரூக்கின் மனைவி அப்ஸானா போனில் பேசினாள். "தாசண்ணன ஒண்ணும் செஞ்சிராதீங்க. அவுகளுக்கு அண்ணன்னா உசுரு. பார்வ இல்லாத மனுசரு தெரியாமச் செஞ்சது" என்றாளாம். மன்னிப்புக் கடிதமும் வந்துவிட்டதாம்.

நேற்று நீங்கள் போலீஸ் எழுதிய காகிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். 'பார்வைக் குறைவால் ஏற்பட்ட கைத்தவறு.' இரவு முழுக்க அதே வரிதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வரியோடு நான் எந்த விமானத்திலும் ஏற மாட்டேன்.

அதை அடித்துவிடச் சொல்லுங்கள். என் மேசையில் கைத்தவறு நடக்காது. தெரிந்துதான் அந்த மருந்தைப் போட்டேன். தெரிந்துதான் பச்சைப் பெட்டியில் வைத்தேன். பெட்டி மாறியது என்று சற்று முன் சொன்னேனே, அதை எழுத வேண்டாம். ஃபாரூக் சாக வேண்டும் என்றுதான் செய்தேன் என்று எழுதுங்கள். காரணம் கேட்டால், என் கண்ணைப் பற்றி அவனுக்கும் தெரிந்திருந்தது. அது போதும். இதற்கு என்ன தண்டனை என்பதும் எனக்குத் தெரியும்.

எழுதிவிட்டாரா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கோடு எங்கே இருக்கிறது? அதன்மேல் உங்கள் விரலை வைத்துக் காட்டுங்கள், மேடம். கண்ணுக்கு ஒன்றுமில்லை. இந்த அறையில் வெளிச்சம் போதாது, அந்த விளக்கைப் போடச் சொல்லுங்கள்.

எரிந்துகொண்டுதான் இருக்கிறதா? அப்படியானால் பல்பை மாற்றச் சொல்லுங்கள்.